நாற்பத்தோராம் பக்கம்

மூன்றாம் நாளாக மழை விடவில்லை. கூடத்திலிருந்த சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தையல் மெஷினை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, காலை ஏழு மணியிலிருந்து வீட்டம்மா திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு ஜன்னல். திங்கட்கிழமை அவர்கள் குடிபோகிற வீட்டில் அத்தனை ஜன்னல் என்று முந்தின வாரமே போய் எண்ணிவிட்டு வந்திருந்தார். அந்த வீட்டைக் கட்டியவனுக்குத் திரை தைக்கிற வேலை இருந்திருக்காது.

அவர் கணவர் மத்திய அரசின் குற்ற விசாரணைத் துறையில் இரண்டாம் இடத்தில் இருந்தார். திங்கட்கிழமை முதல் இடத்துக்குப் போகிறார். முப்பத்துமூன்று வருட உத்தியோகம். அதைக் கோப்பில் படிப்பதைவிட இந்தத் துணியில் படிப்பது சுலபம். பதினாறு மாற்றல், பதினாறு வீடு, எந்த இரண்டு வீட்டு ஜன்னலும் ஒரே உயரம் கிடையாது. குட்டையாக இருந்தால் வீட்டம்மா திரையின் அடியில் ஒரு பட்டை சேர்ப்பார். நீளமாக இருந்தால் மடித்து அடிப்பார். ஒரு தடவைகூட வெட்டியதில்லை. அடுத்த ஊர் ஜன்னல் எப்படி இருக்குமோ, யார் கண்டது. சாம்பல் நிறத் துணிக்குக் கீழே பச்சைப் பட்டை என்றால் அது உதவி ஆய்வாளராக இருந்த ஊர். பழுப்பு, ஆய்வாளரான ஊர். அதற்குக் கீழே பூப்போட்ட ஒன்று, கண்காணிப்பாளராகிப் போன ஊர். பார்ப்பதற்கு ஒன்றும் அழகாக இருக்காது. ஆனால் வெளிச்சத்தை மறைக்கும், அதற்குத்தானே திரை.

துறையில் அந்த அதிகாரிக்கு ஸ்கேல் என்று பட்டப்பெயர். இது அவருக்குத் தெரியாது என்று எல்லோரும் நம்பினார்கள். விசாரணைத் துறை ஆட்களே இப்படி நம்பினால் என்ன சொல்ல. வேலைக்குச் சேர்ந்த நாளில் வாங்கிய ஓர் அடி மர ஸ்கேல் ஒன்று அவர் மேசையில் எப்போதும் இருக்கும். வழக்கு நாட்குறிப்பில் அன்றைய விசாரணையை எழுதி முடித்ததும் பக்கத்தில் மிச்சமிருக்கிற வெற்றிடத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, கோட்டின் மேல் கையெழுத்து, தேதி. அப்புறம் அந்த இடத்தில் எவனும் ஒரு வரி நுழைக்க முடியாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வருடா வருடம் அவர் எடுக்கிற முதல் பாடமே இதுதான். “காலி இடம் விட்டா அங்க யாராவது வந்து உக்காந்துப்பான்” என்பார். அவர் எழுதிய நாட்குறிப்பை எந்த வக்கீலும் அசைத்ததில்லை. அதை வைத்துச் சிறைக்குப் போனவர்கள் நூற்றெண்பது பேருக்கு மேல் இருக்கும்.

உத்தியோகம் மேலே போகப்போகக் கோடு போடுகிற வேலை கீழே இருப்பவர்களுக்குப் போய்விட்டது. ஸ்கேலை வீட்டம்மா எடுத்துக்கொண்டார். இப்போது அது தையல் மெஷின் மேல், துணியில் அளவு குறிக்கிற சாக்குத்தூள் படிந்து கிடந்தது.

பத்து மணிக்கு ரைட்டர் வந்தார். இருபது வருடமாக அதிகாரியின் எழுத்து வேலையெல்லாம் அவர்தான். மாற்றலாகிப் போகிற ஊருக்கெல்லாம் தையல் மெஷினுக்கு அடுத்தபடி அதிகாரி கையோடு கூட்டிப்போனது இவரைத்தான். குடையைத் தனக்குப் பிடிக்காமல் நெஞ்சோடு அணைத்திருந்த பைக்குப் பிடித்துக்கொண்டு வந்ததில் முதுகெல்லாம் நனைந்திருந்தது.

“அம்மா, காலெல்லாம் சேறு. உள்ள வரலாமா?”

“வாங்க. தரைதானே, தொடச்சா போச்சு. துணிய மட்டும் மிதிச்சிடாதீங்க.”

அதிகாரி உள்ளறையில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை, சாமான் கட்டவென்று ஒரு நாள் விடுப்பு எடுத்திருந்தார்.

“என்ன ரைட்டர், லீவு போட்டாலும் விட மாட்டீங்களா?”

“அஞ்சு மணிக்குள்ள கோர்ட்ல குடுக்கணும் சார். நேத்து சாயங்காலம் உத்தரவு வந்துது. ஒரிஜினலே வேணுமாம்.”

“எந்தக் கேஸ்?”

ரைட்டர் அறைக்கதவைச் சாத்தினார். “கிடங்கு கேஸ் சார்.”

பைக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் காகிதம், அதற்குள் காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்ட நாட்குறிப்பு. பக்கத்துக்கு எண் அச்சடித்த புத்தகம் அது. ஒரு பக்கத்தைக் கிழித்தால் ஊருக்கே தெரியும். ரைட்டர் அடையாளம் வைத்திருந்த இடத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். நாற்பதாம் பக்கம் முழுக்க எழுத்து, அடியில் கோடு, கையெழுத்து. நாற்பத்திரண்டும் அப்படியே. நாற்பத்தொன்றில் தேதி இருந்தது. ‘காலை ஆறு பத்து’ என்று நேரம் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கோடுகூட இல்லை.

“துறைச் செயலாளர் பாத்தாரா?” என்று கேட்டார் அதிகாரி.

“பாத்தார் சார். ‘திங்கக்கிழமை பதவி ஏத்துக்கப் போறவரோட புத்தகம், முழுசா இருக்கான்னு அவரே ஒரு தடவ பாத்துக் குடுக்கட்டும்’னார். வேற ஒண்ணும் சொல்லல.”

“அதுக்கு மேல என்ன சொல்லணும்.”

ரைட்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மைப்புட்டியை எடுத்து வைத்தார். “அப்ப நம்ம ஆபீஸ்ல வாங்கின மை சார். இப்ப கடையில கிடைக்காது. பழைய அலமாரியில தேடி எடுத்தேன். ஒரு ஆறு வரி எழுதினா போதும். ‘போனேன், விசாரிச்சேன், பயனுள்ள தகவல் இல்லை.’ அவ்வளவுதான்.”

அதிகாரி புட்டியைத் தொடவில்லை. “யோசிக்கணும்” என்றார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், அவர் ஆய்வாளராக இருந்தபோது, ஓர் அரசாங்கத் தானியக் கிடங்கில் காவலாளி ஒருவர் விடியற்காலை ஐந்து மணிக்கு அடித்துக் கொல்லப்பட்டார். இரண்டு நாள் முன்பு அவரோடு சண்டை போட்ட லாரி டிரைவர் ஒருவனைப் பிடித்தார்கள். பிடித்த அன்றைக்கே குற்றவாளி சிக்கிவிட்டான் என்று மந்திரி பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். ஐந்து மணிக்கு நான் ரொட்டிக்கடையில் மாவு இறக்கிக்கொண்டிருந்தேன் என்று டிரைவர் திரும்பத் திரும்பச் சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலை ஆய்வாளர் மட்டும் தனியாக அந்தக் கடைக்குப் போனார்.

கடைக்காரம்மா கைநிறைய மாவோடு வந்து பேசினார். ஆமாம், வந்தான். பன்னிரண்டு மூட்டை. ஒன்றைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். நான் திட்டி, துடைப்பத்தைக் கையில் கொடுத்து, மொத்தத்தையும் பெருக்க வைத்தேன். அவன் பெருக்கி முடிக்க ஐந்தரை ஆயிற்று, அப்போதுதான் முதல் அடுப்பு ரொட்டியை எடுத்தேன். இவ்வளவும் சொல்லிவிட்டு, காசு வாங்காமல் ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கைதானபோது டிரைவரின் கால்சட்டை மடிப்பில் மாவு இருந்ததை ஆய்வாளர் தன் கண்ணால் பார்த்திருந்தார்.

அலுவலகத்துக்கு வந்து, நாட்குறிப்பைத் திறந்து, தேதியும் நேரமும் எழுதியபோது மேலதிகாரி கூப்பிட்டார். “அத இப்ப எழுதாத. ரெண்டு நாளைக்கு இடம் விட்டு வை. மேல பேசிட்டுச் சொல்றேன்” என்றார். ஆய்வாளர் இடம் விட்டார். எழுதவும் இல்லை, கோடு போடவும் இல்லை. கோடு போட்டுவிட்டால் பிறகு எழுத முடியாதே என்றுதான் போடாமல் விட்டார். பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றவர் கடைசிவரை சொல்லவில்லை. மூன்றாம் வாரம் ஆய்வாளருக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. கடைக்காரம்மாவை யாரும் கோர்ட்டுக்குக் கூப்பிடவில்லை, டிரைவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த மேலதிகாரியும் இப்போது உயிரோடு இல்லை, கடைக்காரம்மா இறந்தும் நாலு வருடம். டிரைவர் மட்டும் உள்ளே இருந்துகொண்டு மனுமேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தான். பதினொன்றாவது மனுவைத்தான் ஒரு நீதிபதி முழுசாகப் படித்தார்.

அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். குடையை விரித்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போனார். மழையில் கொஞ்சம் நடந்தால் மண்டை தெளியும் என்று நினைப்பு. காவற்கூண்டிலிருந்த காவலர் எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டு, கேட்டைத் திறக்காமல் பதிவேட்டைத் திறந்தார்.

“எங்கன்னு எழுதட்டும் சார்?”

“சும்மா. அந்த முனை வரைக்கும் நடந்துட்டு வரேன்.”

“சும்மான்னு எழுத முடியாது சார். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு.”

“நடைப்பயிற்சின்னு எழுதுப்பா.”

“சரிங்க சார். ஆனா கூட ரெண்டு பேர் வரணும், பின்னால வண்டி வரணும். வண்டி டயர் மாத்தப் போயிருக்கு. மூணு மணிக்குத்தான் வரும்.” காவலருக்கே சங்கடமாக இருந்தது. “திரும்பற நேரமும் சொல்லணும் சார். எந்தக் கட்டத்தையும் காலியா விடக் கூடாதுன்னு உத்தரவு.”

“யார் போட்ட உத்தரவு?”

“நீங்க போட்டதுதான் சார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மிரட்டல் கடிதம் வந்தப்ப.”

அதிகாரி கேட்டுக் கம்பிவழியாகத் தெருவைப் பார்த்தார். ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடப் பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஓடியது. எதிர்ச்சாரியில் ஒருவர் சைக்கிள் சங்கிலியை மாட்ட முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். எத்தனை பேரை அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறோம், அதெல்லாம் சேர்ந்துதான் இந்தக் கேட்டாகி நிற்கிறது என்று அவருக்குத் தோன்றியது. மதில் ஓரமாக மூன்று சுற்று நடந்தார். நாலாவது சுற்றில் சிரிப்பு வந்துவிட்டது. சிறை மைதானத்தில் கைதிகளும் இப்படித்தான் சுற்றுவார்கள், இடமிருந்து வலமாக.

திரும்பி வந்து உள்ளறைக் கதவைத் திறந்தபோது ரைட்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நாட்குறிப்பில் இல்லை, ஒரு பழைய காகிதத்தில். அதிகாரி பின்னால் நின்று பார்த்தார். ‘காலை ஆறு பத்துக்குப் புறப்பட்டு மேற்படி ரொட்டிக்கடைக்குச் சென்றேன். கடை பூட்டியிருந்தது.’ ககரத்தின் வால் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. புள்ளி ஒவ்வொன்றும் சின்ன வட்டம். அது ரைட்டரின் எழுத்தில்லை, அதிகாரியின் எழுத்து. தன் கையைத் தானே எதிரில் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

“என்ன இது?”

ரைட்டர் எழுந்தார். பயந்த மாதிரித் தெரியவில்லை, களைத்த மாதிரித்தான் தெரிந்தது. “நீங்க எழுத மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் சார். அதான் பழகிப் பாத்தேன்.”

“எத்தனை நாளா வருது இந்த எழுத்து?”

“பத்துப் பன்னெண்டு வருஷமா வருது. உங்க சுற்றுப்பயண அறிக்கையெல்லாம் யார் எழுதினதுன்னு நெனச்சீங்க? நீங்க கையெழுத்துதான் போட்டீங்க. சில சமயம் அதுவும் நீங்க போடல.”

“அப்படியே காலியா விட்டுக் குடுங்க. நான் கோர்ட்ல பதில் சொல்லிக்கறேன்.”

“என்ன சொல்லுவீங்க? சாட்சிய மறைச்சேன்னா? அதோட நிக்குமா சார்? நூத்தியெண்பது பேரும் நாளைக்கே மனு போடுவான். ‘அந்த ஆள் புத்தகம் பொய்’னு ஒவ்வொருத்தனும் எழுதுவான். அதுல கொலகாரன் எத்தன பேர், பிள்ள கடத்தினவன் எத்தன பேர்னு உங்களுக்கே தெரியும். உங்க பையன் இதே துறையில சேர்ந்து மூணு வருஷம்கூட ஆகல. அவன் நெத்தியில என்ன எழுதி ஒட்டுவாங்க?”

“அதுக்காக அந்த டிரைவர் உள்ளயே கிடந்து சாகணுமா?”

ரைட்டர் பழகிப் பார்த்த காகிதத்தை நாலாக மடித்தார். “அவன் பாவம்தான். ஆனா எனக்கு அவனத் தெரியாது. உங்களத் தெரியும். மூணரை வரைக்கும் பாப்பேன் சார். நீங்க எழுதலன்னா நான் எழுதிடுவேன். என்மேல கோவப்படுங்க, பரவால்ல.”

இதற்குப் பெயர் விசுவாசம். எதிரி என்றால் கையை முறுக்கி வெளியே தள்ளிவிடலாம். இந்த மனுஷனை என்ன செய்வது?

ஒரு மணிக்கு வீட்டம்மா சாப்பிடக் கூப்பிட்டார். ரைட்டருக்குத் தனியாக உள்ளறைக்கே தட்டு போனது. மேசை சுவரோரம் இருந்ததால் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சோறு, பருப்பு, அவித்த முட்டை. அதிகாரி முட்டையை உடைத்து, பாதியைத் தின்று, மீதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்.

“முட்டை வேகலையா?”

“வெந்திருக்கு.”

“பின்ன ஏன் ஒதுக்கறீங்க? காலையில இருந்து அந்த ரூமுக்குள்ள என்ன பஞ்சாயத்து?”

“ஆபீஸ் விஷயம்.”

“ஆபீஸ் விஷயம்” என்று அவர் மாதிரியே சொல்லிக்காட்டினார் வீட்டம்மா. “ரொட்டிக்கடை விஷயமா?”

அதிகாரியின் கை தட்டிலேயே நின்றது.

“கதவு சாத்தினா காது கேக்காதுன்னு யார் சொன்னாங்க? மெஷின நிறுத்தினேன், எல்லாம் கேட்டுது. கேக்கலன்னாலும் எனக்குத் தெரியும். அன்னிக்குக் காலையில நீங்க ஒரு ரொட்டியோட வந்தீங்க. கையில வாங்கினேன், சுட்டுது. ‘இன்னிக்கு ஒருத்தன் உயிரக் காப்பாத்திட்டேன், நாளைக்கு அவன் வீட்டுக்குப் போயிடுவான்’னு சொன்னீங்க. மாவு கொட்டினது, அந்தம்மா திட்டினது, தொடப்பத்தால பெருக்கினது, எல்லாம் சொன்னீங்க. பையனுக்கு அப்ப ஏழு வயசு. ரொட்டிய மூணு பேரும் பிச்சுப் பிச்சு வெறும்வாயில தின்னோம்.”

“நான் சொன்னேனா?”

“சொன்னீங்க. அவ்வளவு சந்தோஷமா அதுக்கப்புறம் நீங்க ஒரு நாளும் வீட்டுக்கு வரல.”

மழை சன்ஷேடில் விழுந்து தெறித்தது. வீட்டம்மா தட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினார்.

“இந்த வீட்டுல ரொட்டி வாங்கறதில்ல. கவனிச்சீங்களா?”

அதிகாரி யோசித்தார். உண்மைதான். எந்த ஊரிலும், எந்த வீட்டிலும், காலை உணவுக்கு ரொட்டி வந்ததாக நினைவில்லை.

“பத்தொன்பது வருஷமா ஒருத்தி ரொட்டி வாங்கலைங்கறதக் கண்டுபிடிக்க முடியல. நீங்கல்லாம் என்ன துப்பறியறீங்களோ” என்றார் வீட்டம்மா. சொல்லும்போது சிரிப்பு வந்தது, சொல்லி முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி அப்போதுதான் வாய்விட்டுப் பேசினார். “எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரா இருக்கு. இப்ப உண்மைய எழுதினா, அது இன்னிக்கு எழுதிட்டு அன்னிக்குத் தேதி போட்ட பக்கம். அதுவும் பொய்தான். பொய்ய எழுதினா அவன் கதை முடிஞ்சுது. சும்மா விட்டா ரைட்டர் என் கையாலயே எழுதிடுவார். மூணு வழியிலயும் நான் பொய்யன். இத்தனை வருஷம் எத்தனை பேர இப்படி மூலையில நிறுத்தியிருக்கேன். எப்படி இருக்கும்னு இப்பதான் தெரியுது.”

“அந்தப் பக்கத்துல எழுத முடியாது. சரி. வேற பேப்பர்ல எழுதலாமில்ல?”

“என்னன்னு?”

“என்னை விசாரிங்க.”

“உன்னையா?”

“ஆமா. சாட்சி செத்துட்டான்னுதானே எல்லாரும் நெனச்சிட்டிருக்கீங்க. நான் இருக்கேனே, கல்லுக்குண்டாட்டம். அன்னிக்கே நீங்க சொல்லிக் கேட்டவ. ரொட்டியத் தின்னவ.”

“பொண்டாட்டி சொல்றது செல்லாதும்மா. கேட்டது எல்லாம் சாட்சியும் ஆகாது.”

“செல்லுமா செல்லாதான்னு அந்த ஜட்ஜ் பாத்துக்கட்டும். அதுக்குத்தானே அவருக்குச் சம்பளம். நீங்க உங்க வேலையப் பாருங்க.”

தட்டை ஒதுக்கிவிட்டு அந்த மேசையிலேயே வெள்ளைத்தாளை வைத்தார் அதிகாரி. இன்றைய தேதி, இன்றைய நேரம். ஆயிரக்கணக்கான வாக்குமூலம் எழுதிய கை. முதல் கேள்வியிலேயே தடுமாறியது.

“பேரு?”

“அது தெரியாதா உங்களுக்கு? எழுதிட்டு அடுத்தது கேளுங்க.”

“தொழில்?”

“வீடு மாத்தறது.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வீட்டம்மா சிரிக்கவில்லை. அப்படியே எழுதினார். பிறகு ரொட்டி வந்தது, மாவு வந்தது, பன்னிரண்டு மூட்டை வந்தது, ஐந்தரை மணி வந்தது. வீட்டம்மா ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நல்ல சாட்சி இப்படித்தான் பேசும் என்று முப்பத்துமூன்று வருடமாக அவர் தேடிய சாட்சி, வீட்டிலேயே பருப்பு தாளித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

“உங்க கணவர் அத நாட்குறிப்புல எழுதினாரா?”

“எழுதல.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எழுதியிருந்தா அவன் வெளியில வந்திருப்பான். இவர் தூங்கியிருப்பார்.”

கேட்டே ஆக வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருந்தது. வேறு எந்தச் சாட்சியிடமும் அவர் அதைக் கேட்காமல் விட்டதில்லை.

“இந்த விஷயத்த இத்தனை வருஷம் யார்கிட்டயும் ஏன் சொல்லல?”

வீட்டம்மா தையல் மெஷின் பக்கம் பார்த்தார். இருபத்திரண்டில் பதினேழு திரை மடித்து அடுக்கியிருந்தது.

“ஒரே ஒரு தடவ இவர்கிட்ட கேட்டேன். ஆபீஸ் விஷயம்னார். அப்புறம் பதவி உயர்வு வந்துது. அந்த ஊர்ல தோட்டம் வச்ச வீடு குடுத்தாங்க. பையனுக்கு நல்ல பள்ளிக்கூடம் கெடச்சுது. நானும் வாய மூடிக்கிட்டேன். ரொட்டி வாங்கறத மட்டும் நிறுத்தினேன், என்னமோ அது போதும்ங்கற மாதிரி. இதையும் எழுதுங்க. விடாம எழுதுங்க.”

எழுதினார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். வீட்டம்மா கீழே தன் பெயரை எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாக எழுதினார். தாளில் பாதிதான் நிறைந்திருந்தது. அதிகாரி பழக்கத்தில் கையை மேசையின் வலது மூலைக்கு நீட்டினார். அங்கே உப்புக் கிண்ணம்தான் இருந்தது.

“அந்த ஸ்கேலக் கொஞ்சம் குடு” என்றார்.

வீட்டம்மா எடுத்து, சாக்குத்தூளை முந்தானையில் துடைத்து, நீட்டினார். அதிகாரி வாக்குமூலத்தின் அடியில் கோடு போட்டார். போட்டு முடித்த பிறகும் ஸ்கேலைக் கீழே வைக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து உள்ளறைக்குப் போனார்.

மூன்றரைக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ரைட்டர் மைப்புட்டியைத் திறந்து, பேனாவை நிரப்பி, நாட்குறிப்பை நேராக நகர்த்தி வைத்திருந்தார். அதிகாரி அவர் தோளில் கைவைத்து நகர்த்தினார். நாற்பத்தோராம் பக்கத்தின் மேல்மூலையிலிருந்து கீழ்மூலைக்கு ஸ்கேலை வைத்தார்.

“சார், கோர்ட் கேட்ட ரெக்கார்டு சார் அது.”

“தெரியும்.”

“உத்தரவு வந்தப்புறம் அதுல புள்ளி வச்சாலும் தண்டனை உண்டு.”

“எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், எல்லாம் தெரியும். பாடம் எடுத்தவனே நான்தான்.”

தன் சட்டைப்பையிலிருந்த பேனாவால், இன்றைய மையால், ஒரே இழுப்பாகக் கோடு போட்டார். கோட்டின் மேல், ‘இந்தப் பக்கம் இன்றுவரை காலியாக இருந்தது’ என்று எழுதினார். கையெழுத்து. இன்றைய தேதி. ஸ்கேலை எடுத்தபோது கோட்டோரம் சாக்குத்தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவர் அதை ஊதவில்லை.

ரைட்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேனா மூடியைத் தேடுகிற சாக்கில் மேசைக்கடியில் குனிந்தார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. “எல்லாம் போச்சே சார்” என்றார். “முப்பத்திமூணு வருஷம்.”

“அவனுக்கும் பத்தொன்பது வருஷம் போயிருக்கு. நீங்க தப்பிச்சீங்க ரைட்டர். இனிமே அங்க உங்களால எழுத முடியாது. வீட்டுக்குப் போய்த் தலையத் தொவட்டுங்க. புத்தகத்த நானே குடுத்துக்கறேன்.”

பையன்தான் மிச்சம். யார் மூலமாகவோ அவன் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும். போனைக் கையில் எடுத்தார். என்ன வார்த்தை சொல்வது என்று தெரியவில்லை. போகிற வழியில் வண்டியில் பேசிக்கொள்ளலாம் என்று சட்டையை மாற்றப் போனார்.

வெளியே வந்தபோது வீட்டம்மா செருப்புப் போட்டுத் தயாராக நின்றார். பதினெட்டாவது திரை மெஷினில் ஊசிக்கு அடியில் பாதியில் நின்றது.

“நீ எங்க?”

“கூப்பிடறதுக்கு முன்னாடியே போய் நிக்கறேன். பத்தொன்பது வருஷம் லேட்டு.”

“துணி பாதியில கிடக்கே.”

“இனிமே எந்த ஜன்னலுக்குன்னு தெரியட்டும், அளந்துக்கலாம்.”

வண்டி புது டயரோடு வந்திருந்தது. மழை சற்றுத் தணிந்திருந்தது. கேட்டருகே வண்டி நின்றதும் காவலர் பதிவேட்டை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு ஓடி வந்து ஜன்னலோரம் குனிந்தார்.

“எங்கன்னு போடட்டும் சார்?”

“கோர்ட்.”

“காரணம் சார்?”

“நாட்குறிப்பு ஒப்படைக்க.”

“அம்மாவுக்கும் அதேதானா?”

வீட்டம்மா அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார். “எனக்குச் சாட்சின்னு போடுப்பா.”

காவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதினார். ஒரு துளி பட்டு மை பரவ, உள்ளங்கையால் ஒற்றினார். கடைசிக் கட்டத்துக்கு வந்து பேனாவை நிறுத்தினார்.

“திரும்பற நேரம் என்ன சார் எழுதட்டும்?”

அதிகாரி மடியிலிருந்த நாட்குறிப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்தார். அது இன்னும் சாத்தித்தான் இருந்தது.

“அந்தக் கட்டத்துல ஒரு கோடு போட்டுடு” என்றார்.